மிட்லண்ட் பஸ்ஸும் முதலாம் உலகப் போரும்

அஜின்கோர்ட்
ஸ்காபரோ, ரொறன்ரோ
18 ஓகஸ்ட் 2023

மதிப்புக்குரிய அமிர்தநாதர் மாஸ்ரருக்கு,

மூன்று தடவை தொலைபேசியில் அழைத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. அதுவும் நல்லதுதான். வாயால் சொன்னதை மறுநாள் மாற்றிச் சொல்லலாம். மையால் எழுதியதை மாற்ற முடியாது. பதிலையும் எழுத்திலேயே எதிர்பார்க்கிறேன்.

சென்ற சனிக்கிழமை எங்கள் முதியோர் வட்டம் மிட்லண்ட் திருத்தலத்துக்கு யாத்திரை போனது. வழியில், நெடுஞ்சாலையோரக் கோப்பிக் கடையில் நீங்கள் விடுபட்டீர்கள். அன்று தொடக்கம் "அன்ரனெற் ரீச்சர் ஒரு வயோதிபரை றோட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டா" என்று ஸ்காபரோ முழுவதும் கதை. மீன் கடையில் என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். ஆகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள்.

பஸ்ஸில் ஐம்பது பேர். செபமாலையில் ஐம்பது மணி. ஆட்டுப்பட்டியை எண்ணுவதுபோல விரலை நீட்டி மனிதரை எண்ணுவது எனக்குப் பிடிக்காது. அதனால் பதினொரு வருடமாக ஒரே முறையைத்தான் பின்பற்றுகிறேன். இடைத்தங்கல் முடிந்ததும் செபமாலை தொடங்கும். முன் இருக்கையிலிருந்து பின் இருக்கைவரை ஆளுக்கொரு 'அருள் நிறைந்த மரியே'. எங்கே குரல் நிற்கிறதோ அங்கே ஆள் இல்லை. கடைசி மணி முடியும்வரை பஸ் அசையாது. பிந்தி வருகிறவர்களுக்கு அதுவே அவகாசம். அன்றும் அப்படித்தான் நடந்தது. ஐம்பது மணியும் குறையாமல் கேட்டது. அதன் பிறகே கையைக் காட்டினேன்.

பின்னர் ஆளுக்கொன்றாகச் சாப்பிட ரோல்ஸ் பகிர்ந்தபோது ஒன்று மிஞ்சியது. அப்போதுதான் நீங்கள் இல்லை என்பது தெரிந்தது. உங்கள் நண்பர் றெமிஜியஸ் உடனே பிறம்ரனில் இருக்கும் உங்கள் மகனுக்கு அறிவித்தார். திருப்பலிக்கு நேரமாகிவிட்டதால் பயணம் தொடர்ந்தது.

வட்டத்தின் ஜூலைக் கூட்டத்தில் 1914ஆம் ஆண்டுப் போரின் காரணங்களைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது, "காரணம் ஒன்றே ஒன்றுதான், ரயில் நேரசூசி, புறப்படும் நேர அட்டவணை" என்று பின் கதிரையிலிருந்து குறுக்கிட்டீர்கள். பேச்சை நிறுத்தச் சொல்லி நான் மேசை மணியை அடித்தேன். அந்தக் கோபத்தை மனதில் வைத்துத்தான் வேண்டுமென்று பஸ்ஸைத் தவறவிட்டீர்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. ஆனால் ஏன் பிந்தினீர்கள் என்பதை எனக்கு எழுதவேண்டும்.

அன்ரனெற் இக்னேசியஸ்
தலைவி


பிறம்ரன்
24 ஓகஸ்ட் 2023

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் கடிதம் வந்தது. உறையின் மேல் என் பெயருக்குக் கீழே கோடு அடித்திருந்தீர்கள். அடிமட்டம் வைத்து நேராக அடித்த கோடு. ஜேர்மன் இராணுவத் தலைமையகத்திலிருந்து தந்தி வந்ததுபோல இருந்தது.

நான் பிந்தவில்லை. பஸ் முந்திவிட்டது.

கோப்பிக் கடையில் எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நின்றார். தலையில் ஒரு படைப்பிரிவின் தொப்பி. கேட்டேன். அவருடைய பாட்டனார் பிரான்ஸிலுள்ள விமி மேட்டில் சண்டை பிடித்தவராம். ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினேழு, உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள், பாஸ்குத் திங்கள் காலை, பனியும் மழையும். பின்னாலிருந்து பீரங்கிகள் சுடும். குண்டுகள் ஒரு திரைபோல முன்னால் விழும். அந்தத் திரை கொஞ்சம் கொஞ்சமாக நகரும். படையாட்கள் அதற்குப் பின்னால் நடக்கவேண்டும். கெதியாக நடந்தால் சொந்தக் குண்டு. சுணங்கினால் எதிரியின் இயந்திரத் துப்பாக்கி. ஆகவே மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து நடந்தார்களாம். இதைக் கேட்டதும் எனக்கு வேறென்ன ஞாபகம் வரும், ரீச்சர்? நான் ஜூலையில் சொன்னது இதைத்தானே. அந்தப் போர் நேரசூசியில் தொடங்கி நேரசூசியில் நடந்த போர். அவருடைய காரில் பாட்டனாரின் படம் இருக்கிறது என்றார். பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் பஸ் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மகன் றோய் வந்து என்னை ஏற்றிக்கொண்டு நேரே தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். அவன் நல்ல பிள்ளை, அதுதான் சங்கடம். கெட்ட பிள்ளையென்றால் சண்டை பிடித்துக்கொண்டு போய்விடலாம். "அப்பாவுக்கு மறதி வந்திட்டுது, இனித் தனிய விடேலாது" என்று முடிவு கட்டிவிட்டான். செப்ரெம்பர் முடிவில் என் ஸ்காபரோ அபார்ட்மென்ட்டை விடுவதாக அறிவிக்கப் போகிறான். பத்திரத்தையும் நிரப்பிவிட்டான். என் கையெழுத்து மட்டும் பாக்கி. என் மனைவி போன பிறகு அந்த ஒரு அறையில்தான் நானே சமைத்து, நானே உடுப்புத் தோய்த்து, ஒரு மனிதனாக இருக்கிறேன். இங்கே ஜன்னலைத் திறந்தால் ஒரு களஞ்சியத்தின் சுவர். லொறிகள் பின்னால் வரும் சத்தம் நாள் முழுவதும் பீப், பீப். மருமகள் றஜிதா என் தேநீருக்குத் தானே சீனி போட்டுக் கலக்கித் தருகிறாள். பாவம், அன்பில்தான். ஆனால் எண்பத்திரண்டு வயதில் என் சீனியை நானே கலக்கவேண்டும்.

நீங்கள் ஒரு உதவி செய்யவேண்டும். "பஸ் நேரத்துக்கு முன்னதாகப் புறப்பட்டுவிட்டது, மாஸ்ரரில் பிழை இல்லை" என்று றோய்க்கு இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் எழுத்தை அவன் நம்புவான். அவனுக்கு ஆறாம் வகுப்பில் வரலாறு படிப்பித்தது நீங்கள்தானே.

அமிர்தநாதர்


அஜின்கோர்ட்
30 ஓகஸ்ட் 2023

மதிப்புக்குரிய மாஸ்ரருக்கு,

பொய் எழுதமாட்டேன். பஸ் நேரத்துக்கு முன்னதாகப் புறப்படவில்லை. செபமாலை முடியும்வரை நின்றது.

உங்கள் அபார்ட்மென்ட் செய்தி எனக்கு வருத்தமளித்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் வருத்தம் ஒன்று, சாட்சியம் இன்னொன்று.

முதலில் போர். ஒரு கணித ஆசிரியர் வரலாற்றில் கைவைத்தால் இப்படித்தான் ஒரே விடை வரும். கன்னியர் மடத்தில் எங்களுக்கு முதல் பாடமே காரணம் வேறு, சாட்டு வேறு என்பதுதான். சரயேவோவில் ஒஸ்திரிய இளவரசர் சுடப்பட்டது சாட்டு. காரணங்கள் அதற்கு நாற்பது வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டன. பிரான்ஸிடமிருந்து பிடுங்கிய மாகாணங்கள், பிரித்தானியாவோடு போட்டிக்குக் கட்டிய கப்பல்கள், தேசிய இனங்களை அடக்கி வைத்திருந்த ஒஸ்திரியப் பேரரசு, 'நீ அடிபட்டால் நானும் வருவேன்' என்று ஆளுக்காள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள். நேரசூசி இவற்றின் வேலைக்காரன். எசமான் அல்ல. லண்டனில் போர் என்று அறிவித்தார்கள். ரொறன்ரோவும் யாழ்ப்பாணமும் அன்றே போருக்குள். இரண்டு ஊரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதற்கு எந்த ரயில் காரணம் என்று சொல்லுங்கள்.

இனி பஸ். நீங்கள் காரில் படம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்றால், பஸ்ஸில் உங்கள் மணியைச் சொன்னது யார்? நீங்கள் இருந்தது கடைசி வரிசை. கடைசி வரிசையிலிருந்து உங்கள் மூக்கால் பேசும் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் காதில் குறை இல்லை.

ஆகவே என் நிபந்தனைகள். வட்டத்துக்கு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் எழுதவேண்டும். ஜூலைக் கூட்டத்தில் குறுக்கிட்டது தவறென்று ஒப்புக்கொள்ளவேண்டும். நான் வேண்டுமென்றே உங்களை விட்டுப் போனேன் என்ற கதையை மறுக்கவேண்டும். உங்கள் மணியைச் சொன்னவரின் பெயரைத் தரவேண்டும். தன் நிபந்தனைகளுக்குப் பதில் சொல்ல ஒஸ்திரியா சேர்பியாவுக்கு நாற்பத்தெட்டு மணித்தியாலம்தான் கொடுத்தது. தபால் கந்தோரை நினைத்து நான் பத்து நாள் தருகிறேன்.

அன்ரனெற் இக்னேசியஸ்


பிறம்ரன்
5 செப்ரெம்பர் 2023

அன்புள்ள ரீச்சர்,

சேர்பியாவைப் போல நானும் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன். வருத்தக் கடிதம் இத்துடன் இருக்கிறது. ஜூலையில் குறுக்கிட்டது தவறு, கையை உயர்த்தியிருக்கவேண்டும். நீங்கள் வேண்டுமென்று விட்டுப் போகவில்லை என்று மீன் கடைக்கே போன் எடுத்துச் சொல்லிவிட்டேன்.

பெயரை மட்டும் தரமாட்டேன். ஒருவேளை வானத்துச் சம்மனசு இறங்கி வந்து சொல்லியிருக்கலாம்.

சேர்பியாவின் பதிலை வாசித்த ஜேர்மன் கைசர், 'இனிப் போருக்கு ஒரு காரணமும் இல்லை' என்று தன் கையால் எழுதினார். வரலாறு படிப்பித்தவருக்கு இது தெரியும். நீங்களும் அப்படி எழுதினால் நன்றாக இருக்கும்.

இங்கே நிலைமை மோசம். றோய் என்னை மறதிப் பரிசோதனைக்குக் கொண்டுபோனான். ஒரு பிள்ளை கடதாசியும் பென்சிலும் தந்து மணிக்கூடு ஒன்று கீறச் சொன்னாள். பதினொன்று பத்துக்கு முள்ளை வைக்கவேண்டுமாம். கீறினேன். அந்த நேரத்தில் இரண்டு முள்ளுக்கும் இடையிலுள்ள கோணத்தையும் கணித்து ஓரத்தில் எழுதினேன். மணி முள்ளும் ஐந்து பாகை நகர்ந்திருக்குமே, அதைப் பலர் மறந்துவிடுவார்கள் என்று விளங்கப்படுத்தினேன். அவள் அறிக்கையில் 'நிறையக் கதைக்கிறார்' என்று எழுதியிருக்கிறாள். மற்றதெல்லாம் சரியாம். றோய்க்கு மனம் ஆறவில்லை. "சோதினையில பாஸ் பண்ணலாம் அப்பா, ஆனா பஸ்ஸை மிஸ் பண்ணினனீங்கள்தானே" என்கிறான்.

நேற்றுப் பின்னேரம் பத்திரத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனான். பக்கத்தில் பேனையும்.

அமிர்தநாதர்


அஜின்கோர்ட்
11 செப்ரெம்பர் 2023

மாஸ்ரருக்கு,

சம்மனசைக் கண்டுபிடித்துவிட்டேன். எண்பது கிலோ நிறை. நீலக் கோட்டு.

நேற்றுப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது றெமிஜியஸ் பிள்ளைகளுக்குக் கூத்துப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தார். இளவயதில் ஊர்க் கூத்துகளில் நடித்தவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரே ஆள் அரசனாகவும் மந்திரியாகவும் காவலனாகவும் மூன்று குரலில் பாடுவார் என்பது தெரியாது. காவலனின் குரல் மூக்கால் வந்தது. நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். பாட்டு நின்றது.

"மாஸ்ரரின் மணியைச் சொன்னது நீங்கள்தானே?" என்று கேட்டேன்.

"ரீச்சர், அவன்தான் கேட்டவன். நான் அவனை நம்பி..."

"சொன்னது நீங்களா, இல்லையா?"

"ஓம், ரீச்சர்."

பிறகு முழுவதையும் சொன்னார். நீங்கள் கடைக் கண்ணாடியால் எட்டிப் பார்த்துக் கையைக் காட்டினீர்களாம். அவர் இறங்கிவந்து, "நீ கதைச்சுப்போட்டு வா மச்சான், உன்ர மணியை நான் பாக்கிறன், எவ்வளவு நேரம் எண்டாலும் பரவாயில்லை" என்றாராம். எவ்வளவு நேரம் என்றாலும்! 1914 ஜூலையில் ஜேர்மனி ஒஸ்திரியாவுக்குக் கொடுத்தது இதே வாக்குறுதியைத்தான். நீ என்ன செய்தாலும் நான் பின்னால் நிற்பேன் என்று, தொகை எழுதாமல் கையெழுத்திட்ட காசோலை. வாக்குக் கொடுத்துவிட்டுக் கைசர் நோர்வேக்குக் கப்பலில் உல்லாசப் பயணம் போனார். றெமிஜியஸ் இரண்டு குரலில் செபம் சொல்லிவிட்டு நித்திரை கொண்டார். அவர் நித்திரையாலெழும்பியது ரோல்ஸ் மணத்துக்குத்தான்.

என் பதினொரு வருட முறையை, அதுவும் மாதாவின் செபத்தை வைத்து, இரண்டு கிழவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரவு கூப்பிடும்போது செய்வதுபோல ஏமாற்றியிருக்கிறீர்கள். கோபத்தோடு வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தேன். அப்போது ஒன்று தோன்றியது.

மறதிக்காரன் ஆள் வைக்கமாட்டான். நேரம் போகிறது என்று தெரிந்து, தன் இடத்துக்கு ஒரு குரலை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் நீங்கள் காருக்குப் போயிருக்கிறீர்கள். அது குற்றம். ஆனால் மறதி அல்ல. நீங்கள் குற்றவாளி என்று நான் நிரூபித்தால் உங்கள் அபார்ட்மென்ட் தப்பும். நிரபராதி என்று நீங்கள் நின்றால் பறிபோகும். அந்தப் பேனைக்கு முன்னால் இருந்துகொண்டும் உங்களுக்கு இது விளங்கவில்லையா? கணக்கு மாஸ்ரர்!

உண்மையை உங்கள் மகனுக்கு எழுதப்போகிறேன். சனிக்கிழமைக்குள் நீங்கள் மறுக்காவிட்டால் தபாலில் போடுவேன்.

அன்ரனெற்


பிறம்ரன்
15 செப்ரெம்பர் 2023

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அடுக்களையில் நின்று சிரித்தேன். றஜிதா பயந்து றோய்க்கு மெசேஜ் அனுப்பிவிட்டாள், மாமா தனிய நின்று சிரிக்கிறார் என்று. ஆகவே கெதியாக எழுதுங்கள்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். றெமியைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று இருந்தேன். அவன் தானாகவே பாடிக் காட்டிக்கொடுத்துவிட்டான். நீங்கள் மண்டபத்தில் கேட்டதை எனக்கு போனில் நடித்தே காட்டினான். உங்கள் குரலையும் நன்றாகச் செய்கிறான். அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் ரீச்சர், அவன் இன்னொன்றும் சொன்னான். எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ரோல்ஸ் மிஞ்சிய உடனே, பஸ்ஸை ஓட்டிய றைவர், "அடுத்த எக்ஸிற்றில திருப்பலாம், பெரிய மினக்கேடில்லை, கொஞ்ச நேரம்தான்" என்று சொன்னானாம். நீங்கள், "முடியாது. நேராகப் போங்கள்" என்றீர்களாம். உங்கள் முதல் கடிதத்தில் 'பயணம் தொடர்ந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். யார் தொடர்ந்தது என்று இல்லை. மற்ற எல்லா வசனத்திலும் ஆள் இருக்கிறது, அந்த ஒன்றில் இல்லை.

1914 ஓகஸ்ட் முதலாம் திகதி கைசர் தன் தளபதியைக் கூப்பிட்டு, பிரான்ஸ் பக்கம் வேண்டாம், படையை ரஷ்யப் பக்கம் திருப்பு என்றார். தளபதி, முடியாது, ஒரு வருட வேலை, பதினோராயிரம் ரயில், ஒன்றை மாற்றினால் எல்லாம் குழம்பும் என்றார். ரயில்கள் பெல்ஜியத்துக்குப் போயின. இதைத்தான் நான் ஜூலையில் சொல்ல வந்தேன். நீங்கள் மணி அடித்துவிட்டீர்கள்.

நான் உங்களைக் குற்றம் சாட்டவில்லை. நாற்பத்தொன்பது பேரின் பூசை உங்கள் தலையில். றோய்க்கு நீங்கள் என் பங்கை மட்டும் எழுதினாலும் நன்றி சொல்வேன். உங்களிடம் மறைக்கக்கூடாது என்பதற்காகத்தான் எழுதினேன்.

அமிர்தநாதர்


அஜின்கோர்ட்
21 செப்ரெம்பர் 2023

அமிர்தநாதர் மாஸ்ரருக்கு,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாட்களாகப் பேனையைத் தொடவில்லை. வீட்டைக் கூட்டினேன். திரைச்சீலைகளைத் தோய்த்தேன். என் கணவர் இருந்திருந்தால், "சரி, ஆரோடை கோபம்?" என்று கேட்டிருப்பார்.

அந்த வசனத்தில் ஆள் இல்லை என்பது உண்மை. நான் வேண்டுமென்றுதான் அப்படி எழுதினேன். என் மாணவி ஒருத்தி இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுற்றியிருப்பேன்.

இன்னொன்றையும் நானே சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்திருந்தால் நீங்கள் விட்டிருக்கமாட்டீர்கள். 'முடியாது' என்று தளபதி சொன்னாரே, அப்போது ஜேர்மனியின் ரயில் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி, போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, முடிந்திருக்கும் என்று படங்கள் அட்டவணைகளோடு ஒரு புத்தகமே எழுதினார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. என்னிடமோ, நான் கேட்காமலே றைவர் சொன்னான். திருப்பியிருக்கலாம். பாட்டுப் பூசையில் முதல் பாட்டு மட்டும் போயிருக்கும்.

ஏன் திருப்பவில்லை என்று யோசித்தேன். பூசைக்காக அல்ல. பதினொரு வருடத்தில் ஒரு நாளும் என் பஸ் பிந்தவில்லை என்ற பெயருக்காக. ஆகவே நேரசூசி வேலைக்காரன் மட்டும்தான் என்று நான் எழுதியதைத் திருத்துகிறேன். வேலைக்காரன்தான், ஆனால் எசமானுக்குத் தலைக்கனம் இருந்தால் வேலைக்காரன் வீட்டை ஆள்வான். இதை வட்டத்தின் நவம்பர்க் கூட்டத்துக்கு எழுதிவைத்திருக்கும் பேச்சில் சேர்த்திருக்கிறேன்.

உங்கள் மகனுக்கு இன்று அனுப்பிய கடிதத்தின் பிரதி கீழே.

'அன்புள்ள றோய், உன் தந்தைக்கு மறதி இல்லை. ஓகஸ்ட் பன்னிரண்டாம் திகதி அவர் தன் இடத்தில் செபம் சொல்ல றெமிஜியஸை ஏற்பாடு செய்துவிட்டு, நன்கு தெரிந்தே பஸ்ஸுக்கு வெளியில் நின்றார். றெமிஜியஸ் அவருடைய குரலில் சொன்னார். நான் ஏமாந்தேன். அவர் இல்லை என்று தெரிந்த பின்னர் பஸ்ஸைத் திருப்பலாம் என்று றைவர் சொன்னான். நான் வேண்டாம் என்றேன். அவர் அந்தக் கடையில் தனியே நின்றதற்கு முதல் பாதிப் பொறுப்பு அவருடையது. இரண்டாம் பாதி என்னுடையது. உன்னுடைய பொறுப்பு எதுவும் இல்லை. ஆகவே நீ தண்டனை எதையும் விதிக்கவேண்டாம். அன்ரனெற் ரீச்சர்.'

ஒரு சொல்லும் மாற்றவில்லை. மனம் இலேசாக இருக்கிறது. திரைச்சீலைகளும் நன்றாக வெளுத்திருக்கின்றன.

அன்ரனெற்


பிறம்ரன்
27 செப்ரெம்பர் 2023

அன்புள்ள ரீச்சர்,

றோய்க்கு நீங்கள் எழுதிய கடிதம் நேற்று வந்தது. றோய் வேலையால் வந்து, சப்பாத்தும் கழற்றாமல், நின்றபடியே வாசித்தான். நான் மேசையில் இருந்தேன். பத்திரம் எனக்கு முன்னால் இருந்தது.

இரண்டு தரம் வாசித்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்பா, உண்மையாவே ஆள் வைச்சு செபமாலை சொல்லுவிச்சனீங்களோ?"

"ஓம்."

"எண்பத்திரண்டு வயசில?"

"ஓம் தம்பி."

அவன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து றஜிதா ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். அவன் கடிதத்தை அவளிடம் நீட்டினான். வாயைத் திறந்தால் சிரிப்புத்தான் வந்தது. அவள் வாசித்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். "மாமா, றெமி அங்கிள் உங்கட குரலிலயே சொன்னவரோ?" என்று கேட்டாள். நான் சொல்லிக் காட்டினேன். பிறகு மூன்று பேருக்கும் மூச்சு வரவில்லை.

கடைசியில் றோய் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னான்: "இது மறதி இல்லை, றஜி. இது கள்ளம். அப்பா நல்லாத்தான் இருக்கிறார்."

என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய பாராட்டு ஒன்றும் கிடைத்ததில்லை.

பத்திரத்தை எடுத்து நான்காகக் கிழித்தான். நான் ஒன்று கேட்டேன், என்னையும் அந்தப் பரிசோதனையையும் நம்பாதவன் ரீச்சரை மட்டும் எப்படி நம்பினாய் என்று. "அவ உங்களுக்காக எழுதியிருந்தா நம்பியிருக்கமாட்டன். தன்ர பிழையையும் எழுதியிருக்கிறா. ஆறாம் வகுப்பில ஒரு மார்க்ஸ் கூடத் தராத மனிசி, அப்பா. அவ சொன்னாச் சரி" என்றான். நீங்கள் அந்த இரண்டாம் பாதியை எழுதாமல் விட்டிருந்தால் நான் இன்று கையெழுத்துப் போட்டிருப்பேன், ரீச்சர். இதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஆகவே சொல்லாமல் விடுகிறேன்.

சமாதான நிபந்தனை ஒன்றுதான்: தினமும் பின்னேரம் றோய்க்கு போன் எடுக்கவேண்டும். ஏற்றுக்கொண்டேன். வெர்சாய் ஒப்பந்தத்தைவிட எவ்வளவோ மேல்.

நவம்பரில் நீங்கள் காரணங்களைச் சொல்லுங்கள். நான் போர் நடந்த விதத்தைச் சொல்கிறேன். விமிக் கிழவரின் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது, அவரையும் கூப்பிடலாம். றோய்க்கு அடுத்த இரண்டு கிழமையும் சனி, ஞாயிறு வேலை. அதன் பிறகுதான் என்னைக் கொண்டுவந்து விடுவான். நான் காத்திருக்கிறேன். லொறிகளின் பீப் சத்தம் இன்றைக்கு அவ்வளவு மோசமாக இல்லை.

அமிர்தநாதர்


அஜின்கோர்ட்
2 ஒக்ரோபர் 2023

அன்புள்ள அமிர்தநாதர்,

இரண்டு கிழமை எதற்கு? நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்ட கைதி. விடுதலையானவரை யாரும் உள்ளே வைத்திருப்பதில்லை.

றஜிதாவோடு போனில் பேசிவிட்டேன். ஓம், போனில்தான். நல்ல பிள்ளை. நான் வருவதற்குச் சம்மதம். இந்தச் சனிக்கிழமை நானே வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் மாறவேண்டுமாம். என் மகள் கேட்டுவிட்டு, "அம்மா, நீங்கள் பிறம்ரனுக்கோ? தனியவோ?" என்றாள். எழுபத்தெட்டு வயதில் எனக்கு இப்படியொரு கேள்வி! உங்கள் நிலைமை கொஞ்சம் விளங்கியது.

உங்கள் அபார்ட்மென்ட்டின் திறப்புச் சாவியை றெமிஜியஸிடமிருந்து வாங்கி ஜன்னல்களைத் திறந்து வைத்திருக்கிறேன். பால், முட்டை, தேயிலை வாங்கி வைத்தாயிற்று. சீனி போத்தலை மேசையில் கரண்டியோடு வைத்திருக்கிறேன். எத்தனை கரண்டி என்பது உங்கள் பாடு. றெமிஜியஸ் பின்னேரம் கூத்துப் பாட வருகிறாராம். தண்டனையாகத் தேங்காய் துருவச் சொல்லியிருக்கிறேன்.

எத்தனை மணிக்கு வந்து சேர்வேன் என்று எழுதவில்லை. வேண்டுமென்றுதான் எழுதவில்லை. உங்கள் பையைக் கட்டிக்கொண்டு, மகனோடும் மருமகளோடும் சொல்லவேண்டியதைச் சொல்லி முடியுங்கள். எதையாவது மறந்தால் திரும்பிப் போய் எடுங்கள். நான் வாசலில் நிற்பேன்.

ஆறுதலாக வாருங்கள்.

அன்ரனெற்